வாடைக் காலத்தில் பாய்ப்படகு: எங்கே ஒதுங்குவது, எப்போது வெளிக்கிடுவது?

கேள்வி: நாங்கள் மட்டக்களப்பைச் சேர்ந்தவர்கள், சுவிசில் வசிக்கிறோம். அங்கே ஏரியில் பாய்ப்படகு ஓட்டிப் பழக்கம். நவம்பர் நடுப்பகுதியில், திருகோணமலையில் நிற்கும் நண்பரின் 36 அடிப் படகில் அறுகங்குடா வரை போக நினைக்கிறோம். படகின் அடி 1.8 மீற்றர் தண்ணீருக்குள் இறங்கும். காலநிலை குழம்பினால் வழியில் எங்கே ஒதுங்கலாம்? எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்?

பதில்: நவம்பர் என்றால் வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்கள் உருவாகிற காலம், தம்பி. மட்டக்களப்பை உருக்குலைத்த 1978 சூறாவளி வந்ததும் நவம்பர் 23இல்தான். நவம்பர் கழிந்து வாடை (வடகிழக்குப் பருவக்காற்று) பிடித்தால் தை முடியும்வரை கடல் எங்கள் கரையில் நேரே வந்து மோதும். காத்திருப்பதானால் திருகோணமலையிலேயே காத்திருங்கள். எந்தக் காற்றிலும் உள்ளே நுழையக்கூடிய ஆழமான துறை இந்தக் கரையில் அது ஒன்றுதான். தெற்கே உள்ள வாசல்களெல்லாம் நமக்குத் தேவைப்படுகிற நாளில்தான் மூடிக்கொள்ளும்.

வரைபடத்தில் ஒலுவில் துறைமுகம் அழகாகத் தெரியும். 2013இல் திறந்தார்கள், அலைதடுப்புச் சுவர் மணலின் ஓட்டத்தை மறித்ததில் வாசல் தூர்ந்துபோய், வடக்கே நிந்தவூர்ப் பக்கம் கரையைக் கடல் தின்றது. 1.8 மீற்றர் அடியோடு அதை நம்பிப் போகாதீர்கள். மட்டக்களப்பு முகத்துவாரத்தில், மழைவெள்ளம் வடிய மணல்திட்டை வெட்டி ஆற்றுவாயைத் திறந்துவிட்டால், வெளியே பாய்கிற தண்ணீரும் உள்ளே வருகிற அலையும் மணல்திட்டின்மேல் மோதி நட்டுக்குத்தாக எழும். பாசிக்குடா சோளகக் (தென்மேற்குப் பருவக்காற்று) காலத்தில் நங்கூரம் போடச் சுகமான இடம். வாடையில் இல்லை.

மிஞ்சுவது வாழைச்சேனை. திருகோணமலையிலிருந்து 40 கடல் மைலுக்குச் சற்று மேல். 5 நொட்டில் (மணிக்கு 5 கடல் மைல்) 8, 9 மணித்தியாலம். விடிய முன்னமே வெளிக்கிட்டால்தான் வெளிச்சத்தில் வாசலைப் பார்க்கலாம். அது மீன்பிடித் துறைமுகம், உல்லாசப் படகுக்கென்று இடம் ஒதுக்கியிருக்க மாட்டார்கள். துறைமுக அலுவலகத்தோடு முதலே பேசி, இன்றைக்கு வாசலில் எவ்வளவு ஆழம் என்று கேளுங்கள். பலநாள் படகொன்று (நாட்கணக்கில் கடலில் நின்று மீன்பிடிக்கும் பெரிய படகு) உள்ளே போகும்போது அதன் பின்னாலேயே போவது நல்லது. பைபர் வள்ளம் போகிறதே என்று நீங்கள் போகக்கூடாது. அதற்கு முழங்கால் தண்ணீர் போதும். வற்றுப்பெருக்கை நம்பவும் வழியில்லை. எங்கள் கடலில் அது ஒரு மீற்றருக்கும் குறைவு.

உள்ளே பலநாள் படகோடு அணைத்துக் கட்ட வேண்டிவரும். இரண்டு படகும் ஆடும்போது உங்கள் பாய்மரக் கம்பி அவர்களுடைய மேற்கூரையில் அடிபடாதபடி முன்பின்னாகத் தள்ளிக் கட்டுங்கள். இடையில் பழைய ரயர் தொங்கட்டும். கயிறு விளிம்பில் உரசும் இடத்தில் தண்ணீர்க் குழாய்த் துண்டொன்றை நீளவாக்கில் கீறி மாட்டிவிடுங்கள். இரவு முழுக்க உரசினால் நைலோன் கயிறும் நூல் நூலாய்ப் போய்விடும். முன்பாயைச் சுருட்டி வைத்தது போதாது, கழற்றி உள்ளே வையுங்கள். ஆற்றின் மேற்பக்கம் மழை கொட்டினால் தண்ணீர் மட்டம் ஏறும், ஆற்றுவாழையும் மரக்கட்டையும் மிதந்து வரும். இயந்திரம் குளிரத் தண்ணீர் இழுக்கும் குழாயின் வடிகட்டியைத் தினமும் திறந்து பாருங்கள், வெளிக்கிடும் அன்று கட்டாயம்.

எத்தனை நாள் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிவித்தலில் மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரையான பகுதியைப் பாருங்கள். அவர்கள் கிலோமீற்றரில் சொல்வார்கள், உங்கள் கருவி நொட்டில் காட்டும்: மணிக்கு 60 கி.மீ. என்றால் 32 நொட். இடிமழை நேரத்தில் 70, 80 வரை போகும் என்று ஒரு வரி வழக்கமாகக் கீழே இருக்கும், அதை வாசிக்காமல் விட்டுவிடாதீர்கள். தாழமுக்கத்தின் மையம் உங்களுக்கு வடக்கால் போனால் காற்று வடமேற்கு, மேற்கு, தென்மேற்கு என்று சுற்றும். அப்போது கரையோரம் அமைதியாகத் தெரியும். ஏரியில் ஓடியவர்கள் ஏமாறுவது இங்கேதான். ஏரியில் காற்று விழுந்தால் சற்று நேரத்தில் அலையும் விழும். இங்கே வெளியிலிருந்து வரும் நீள அலை ஒரு நாளுக்கு மேலும் நிற்கும். எச்சரிக்கையை நீக்கிய பிறகும் ஒரு முழுப்பகல் பொறுத்து, கரையில் நின்று அரை மணித்தியாலம் வாசலைக் கவனியுங்கள். குறுக்கே வெள்ளை நுரை உடைந்துகொண்டிருந்தால் அன்றைக்குப் பயணமில்லை.

படகில் இருப்பவர்களின் விமானச் சீட்டுத் திகதிதான் காலநிலையை விடத் தொல்லை. நாள் நெருங்கினால் ஆட்களைத் தரைவழியாக அனுப்புங்கள். வாழைச்சேனையில் ரயில் இருக்கிறது. அக்கரைப்பற்று, பொத்துவில் வழியாக வீதியால் அறுகங்குடாவுக்கும் போகலாம். படகு நிற்கட்டும். திகதியை மாற்ற முடியுமென்றால் சித்திரையில் வாருங்கள். ஆனி, ஆடியில் பொத்துவிலுக்குத் தெற்கே சோளகம் பலமாக அடிக்கும், அதற்குள் போய்வந்துவிடலாம்.