துக்கத்துக்கு இடமில்லாத ஸ்தோத்திரக் கூட்டம்

அன்புள்ள அக்காவுக்கு ஸ்தோத்திரம். என் கணவருக்கு பைபாஸ் ஆபரேஷன் முடிந்து நல்லபடியாக வீடு திரும்பிவிட்டார். அதே மாதம் என் தம்பி பைக் விபத்தில் இறந்துபோனான். வரும் சனிக்கிழமை வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் வைத்திருக்கிறோம். "நல்ல காரியத்தில் தம்பி பேச்சை எடுக்காதே. கர்த்தர் ஒருத்தரை எடுத்துக்கிட்டு ஒருத்தரைத் தந்திருக்கார்" என்கிறார் மாமியார். 103ஆம் சங்கீதம் வாசிக்கலாம் என்றிருக்கிறேன். "அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே" என்ற இடம் வந்தால் தொண்டை அடைத்துக்கொள்கிறது. இது அவிசுவாசமா? வேறு சங்கீதம் வாசிக்கலாமா? காணிக்கை எவ்வளவு வைப்பது?
வாசகி, பெரம்பூர்

அன்புள்ள தங்கைக்கு,

காணிக்கையை உங்கள் கை முடிந்தபடி வையுங்கள். அதில் கேட்க ஒன்றுமில்லை.

உங்கள் மாமியார் சொன்னதைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. ஒருத்தரை எடுத்துக்கொண்டு ஒருத்தரைத் தந்தாராம்! அது கந்துவட்டிக்காரனின் கணக்கு. நம் கர்த்தர் அப்படிப்பட்டவரா? வயதானவர், பயத்தில் பேசியிருப்பார், விடுங்கள். நீங்கள் எப்படி வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தீர்கள்? செத்தது உங்கள் கூடப்பிறந்தவன் அல்லவா?

2015 டிசம்பரில் அடையாறு பெருகி சைதாப்பேட்டையில் எங்கள் வீட்டுக்குள் புகுந்தது. தண்ணீர் வடிந்த பிறகு அப்பாவின் போட்டோவை அம்மா மொட்டைமாடியில் காயவைத்தார். சட்டைக் காலரும் ஒரு காதும் மிஞ்சின. முகம் இருந்த இடம் வெள்ளையாகிவிட்டிருந்தது. சபை மறுபடி கூடிய ஞாயிற்றுக்கிழமை அம்மா சாட்சி சொல்ல எழுந்தார். தையல் மெஷின் போனது, அரிசியில் சாக்கடை ஏறியது, அப்பாவின் முகம் அழிந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், "நன்மையை மட்டும் சொல்லுங்கம்மா" என்றார். அம்மா உட்காரவில்லை. "அதுக்குத்தாங்க வர்றேன்" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகுதான், பிள்ளைகள் உயிரோடு இருப்பதற்காக ஸ்தோத்திரம் என்றார்.

116ஆம் சங்கீதமும் அப்படித்தான் போகிறது. "கர்த்தர் எனக்குச் செய்தருளின எல்லா உபகாரங்களுக்காகவும், அவருக்கு என்னத்தைச் செலுத்துவேன்?" என்ற வசனத்தை மட்டும் எடுத்துக் காலண்டரில் போட்டுவிடுகிறோம். அது பன்னிரண்டாம் வசனம். அதற்கு முன்னால் என்ன இருக்கிறது? மூன்றாம் வசனத்தில் மரணக்கட்டுகள் சுற்றிக்கொள்கின்றன. பத்தாம் வசனத்தில் "மிகவும் வருத்தப்பட்டேன்" என்கிறார். அடுத்ததில், எந்த மனுஷனும் பொய்யன் என்று மனக்கலக்கத்தில் சொன்னதைக்கூட மறைக்காமல் சொல்லிவிடுகிறார். இத்தனையும் நன்றி சொல்லும் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. பாடியவருக்கு இதையெல்லாம் வெட்டிவிடத் தெரியாதா? நமக்குத்தான் வெட்டத் தெரிகிறது. வெட்டியதை வைத்துக் கூட்டம் நடத்தி, கேசரி கொடுத்து அனுப்பிவிடுகிறோம். துக்கத்தில் இருப்பவள் அடுப்படியில் நின்று அழுகிறாள். இதைப் பல வீடுகளில் பார்த்துவிட்டேன், எனக்குத் தாங்கவில்லை.

113 முதல் 118 வரையுள்ள சங்கீதங்களை யூதர்கள் பஸ்கா பண்டிகை இரவில் பாடுவார்கள். போஜனத்துக்குப் பிறகு பாடும் பகுதியில் 116ம் உண்டு. கடைசி இராப்போஜனம் முடிந்து இயேசுவும் சீஷர்களும் ஸ்தோத்திரப்பாட்டைப் பாடிவிட்டு ஒலிவமலைக்குப் போனதாக மத்தேயு எழுதுகிறார். அது இந்தச் சங்கீதங்கள்தான் என்பது வேத அறிஞர்கள் பலரின் கருத்து. பாடிய வாய் கெத்செமனே தோட்டத்துக்குப் போய், "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்கிறது. அவரை அவிசுவாசி என்பீர்களா? அப்புறம் உங்களை நீங்களே ஏனம்மா அப்படிக் கேட்டுக்கொள்கிறீர்கள்?

103 நல்ல சங்கீதம். வாய் வரும் நாளில் வாசியுங்கள். சனிக்கிழமைக்கு 116ஐ எடுங்கள், முதல் வசனத்திலிருந்து. பத்தாம் வசனத்தில் அழுகை வந்தால் அழுதுவிட்டு மேலே படியுங்கள், வந்தவர்கள் காத்திருக்கட்டும். தம்பி பெயரையும் ஜெபத்தில் சொல்ல வேண்டும் என்று பாஸ்டருக்கு இன்றைக்கே போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள். அன்றைக்குப் போய்ச் சொன்னால் நேரமில்லை என்பார்.

அன்புடன்,
அக்கா