முகம் எடுக்கப் பழகுவது – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

பெரம்பூரில் இருக்கிறேன். வயது 31, தனியார் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. போன வருடம் போனஸ் பணத்தில் செகண்ட் ஹேண்டில் ஒரு மிரர்லெஸ் கேமரா வாங்கினேன். ஒரு ஜூம் கிட் லென்ஸும் ஒரு 50 எம்எம் லென்ஸும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் போட்டோ வாக் குழுவோடு திருவல்லிக்கேணி, காசிமேடு என்று போவேன். கோபுரம், படகு, கடல் எல்லாம் ஓரளவு நன்றாக வருகின்றன. ஆள் முகம் என்றால் மட்டும் கை நடுங்குகிறது. தூரத்தில் நின்று எடுப்பேன், அவர் திரும்பிப் பார்த்தால் கேமராவைத் தாழ்த்திவிடுவேன். வீட்டில் அம்மாவை எடுத்தேன். “ஆதார் கார்டு போட்டோ மாதிரி இருக்கு” என்று சொல்லிவிட்டார். இன்ஸ்டாகிராமில் மற்றவர்கள் எடுப்பதைப் பார்த்தால் எனக்கு இதெல்லாம் வராது என்று தோன்றுகிறது. 85 எம்எம் லென்ஸ் வாங்கினால் சரியாகுமா? கோர்ஸ் ஏதாவது சேரலாமா? அடுத்த மாதம் அக்காவின் வளைகாப்புக்கு நான்தான் படம் எடுக்க வேண்டும் என்கிறார்கள். பயமாக இருக்கிறது.

கே., பெரம்பூர்

அன்புள்ள கே.,

லென்ஸ் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். இப்போது வாங்க வேண்டாம். உங்களுடையது ஏபிஎஸ்-சி என்கிற சற்றே சின்ன அளவு சென்சார் உள்ள கேமராவாக இருந்தால் கையிலுள்ள 50 எம்எம் லென்ஸே ஏறக்குறைய 75 எம்எம் லென்ஸின் பார்வையைத் தந்துவிடும், முகம் எடுக்க அது தாராளம். ஐந்தாறு அடி தள்ளி நின்று எடுங்கள். கிட் லென்ஸை 18 எம்எம்மில் வைத்துக்கொண்டு இரண்டடிக்குள் போனால் மூக்கு பெருத்து, காது பின்னால் போய்விடும். செல்ஃபியில் நம் முகம் நமக்கே பிடிக்காமல் போவதற்கும் அந்த நெருக்கம்தான் காரணம், முகத்தின் மேல் தப்பில்லை. இன்னொன்று, லென்ஸின் திறப்பை எஃப் 1.8 வரை அகலமாக வைக்க முடிகிறதே என்று எப்போதும் அதிலேயே எடுக்காதீர்கள். ஐந்தடி தூரத்தில் அந்த லென்ஸுக்குத் தெளிவாகக் கிடைக்கும் ஆழம் ஆறேழு சென்டிமீட்டர்தான், ஆள் கொஞ்சம் மூச்சு இழுத்துச் சாய்ந்தால் கண் மங்கலாகி மூக்கு நுனி தெளிவாக நிற்கும். எஃப் 2.8 அல்லது 4இல் ஆரம்பியுங்கள். ஃபோகஸ் கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணில்.

கை நடுக்கத்துக்கு வருகிறேன். அதை நான் குறையாகவே பார்க்கவில்லை. கேட்காமல் ஒருவர் முகத்தை எடுக்கிறோம் என்பது உங்கள் மனசுக்குத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் கை நடுங்குகிறது. காசிமேட்டில் விடியற்காலை ஏலம் நடக்கும்போது கேமராவோடு ஒரு கும்பல் நின்று, மீன்கூடை தூக்கிவரும் ஒரு அம்மாவின் முகத்தைத் தூரத்திலிருந்து ஜூம் போட்டு எடுப்பதை நானும் பார்த்திருக்கிறேன். அவருக்கு அது அன்றைய பிழைப்பு, எடுப்பவர்களுக்குக் கறுப்பு வெள்ளையில் சுருக்கம் விழுந்த ஒரு முகம், பேர்கூடத் தெரியாது. அந்தப் படங்களுக்குப் போட்டிகளில் பரிசும் கிடைக்கிறது, அது வேறு விஷயம். தன்னை எடுக்கிறார்கள் என்று தெரிந்து, சம்மதித்து, ஒருவர் தன்னை நமக்குக் காட்டுகிற படத்தைத்தான் நான் போர்ட்ரெய்ட் என்று சொல்வேன். இதில் என்னோடு சண்டை போடுகிற நண்பர்கள் இருக்கிறார்கள், ஆனாலும் என் கட்சி இதுதான்.

அதனால் “தெருவில் இறங்கி முன்பின் தெரியாதவர்களை எடுத்துக் கூச்சத்தைப் போக்கிக்கொள்” என்று வழக்கமாகச் சொல்கிற யோசனையை உங்களுக்குச் சொல்ல மாட்டேன். தெரிந்த ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப எடுங்கள். மாதக்கணக்கில் எடுங்கள்.

ஜூலியா மார்கரெட் கேமரன் என்று ஒரு பெண் போட்டோகிராபர். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863 கடைசியில், 48 வயதில்தான் அவர் கைக்கு முதல் கேமரா வந்தது, மகளும் மருமகனும் கொடுத்த பரிசு. நிலக்கரி போட்டுவைத்திருந்த அறையை டார்க் ரூம் ஆக்கினார், கண்ணாடி பதித்த கோழிக்கூண்டு அவருடைய ஸ்டூடியோ ஆனது. அன்றைய முறையில் ஒரு படத்துக்கு நிமிடக்கணக்கில் ஆள் அசையாமல் உட்கார வேண்டும். படங்கள் மங்கலாக இருக்கின்றன என்று அந்தக் காலத்து விமர்சகர்கள் அவரைக் கேலி செய்தார்கள், அவர் தன் முறையை மாற்றிக்கொள்ளவில்லை. கவிஞர் டென்னிசன், விஞ்ஞானி டார்வின் என்று பெரிய மனிதர்களை எல்லாம் எடுத்தவர்தான், ஆனால் அவர் திரும்பத் திரும்ப எடுத்த முகங்களில் ஒன்று வீட்டில் வேலை செய்த மேரி ஹில்லியருடையது. ஒரே பெண், படத்துக்குப் படம் வேறு வேறு ஆளாகத் தெரிகிறார். தேடிப் பாருங்கள். வயது 31, இனிமேல் வராது என்று நினைத்தால், 48 வயதில் தொடங்கிய அவர்தான் அதற்குப் பதில்.

உங்களுக்கு அந்த ஒரே ஆள் அம்மாதான் என்று நினைக்கிறேன். ஆதார் கார்டு மாதிரி இருக்கிறது என்று பளிச்சென்று சொல்லக்கூடிய ஆள் கிடைப்பது லேசில்லை. என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. ஹாலில் சுவரோரமாக நிற்கவைத்து, டியூப் லைட்டைப் போட்டு, “சிரிம்மா” என்று சொல்லியிருப்பீர்கள். ஆதார் மையத்தில் நடப்பதும் ஏறக்குறைய அதுதானே!

நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் போய்ச் சேர்ந்ததும்தான் அவருடைய நல்ல படம் எங்கே என்று தேடுவோம். இருக்காது. ஏதாவது கல்யாண குரூப் போட்டோவிலிருந்து முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி, ஓரத்தில் யாருடைய தோளோ பட்டுப்புடவையோ ஒட்டிக்கொண்டிருக்க, அதற்குச் சந்தனப் பொட்டு வைத்து மாட்டுவோம். வாழ்நாள் முழுக்க நம்மோடு இருந்தவருக்கு, அவருக்கென்றே எடுத்த ஒரு படம் இருக்காது. எனக்கு இது தாங்க முடியாத விஷயமாகப் படுகிறது. அம்மா “இப்ப எதுக்கு, தலைகூட வாரல” என்பார். வாரி முடிக்கும்வரை காத்திருங்கள், அவர் தலை வாருவதையும் எடுக்கலாமா என்று கேளுங்கள்.

வெளிச்சம் என்றால் ஸ்டூடியோக் குடையும் ஸ்டாண்டும் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் தெரு முனையில் ஒரு இஸ்திரி வண்டி இருக்கிறது. காலையில் பக்கவாட்டில் வெயில் விழும்போது வண்டிமேல் விரித்திருக்கும் வெள்ளை வேட்டியில் பட்டு அந்த வெளிச்சம் மேலே எழும்பி, குனிந்து தேய்க்கிற அந்த அக்காவின் தாடைக்கடியிலும் கண்குழியிலும் உள்ள நிழலை அப்படியே கரைத்துவிடும். நீல லுங்கியை விரித்தால் அதே முகம் சட்டென்று இறுகிப்போகும். கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் ஸ்டூடியோவில் ரிஃப்ளெக்டர் என்று எதைச் சொல்கிறார்கள் என்று புரிந்துவிடும். வீட்டில் ஒரு வேட்டி போதும். அம்மாவை வாசல் நிலைக்கு உள்பக்கம் இரண்டடி தள்ளி, வெளியே பார்த்து உட்காரவையுங்கள், மடியில் வேட்டியை நான்காக மடித்துப் போடுங்கள். ஹால் விளக்கை அணைத்துவிடுங்கள். இன்னும் இரண்டடி உள்ளே நகர்த்தி ஒரு படம், உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி ஒரு படம். வாசலில் இருந்து விலக விலக வெளிச்சம் எவ்வளவு சீக்கிரம் குறைந்துவிடுகிறது என்று பார்ப்பீர்கள். சென்னையில் உச்சி வெயில் மட்டும் வேண்டாம், ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகலில் சூரியன் நம் தலைக்கு நேர்மேலே நிற்கும், கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புக் குழிதான் கிடைக்கும்.

நிறம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் நிறையப் பேர் தங்கள் முகம் படத்துக்கு ஆகாது என்று நம்பிக்கொண்டிருப்பதற்குப் பாதிக் காரணம் இது. கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர், முன்னால் இருப்பது எதுவானாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். மாநிறமோ கறுப்போ உள்ளவரை வெள்ளைச் சுவர்முன் நிறுத்தினால் சுவரை அடக்குகிறேன் என்று முகத்தை இருட்டாக்கிவிடும், அப்போது எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்குள் விடும் வெளிச்சத்தை, கொஞ்சம் கூட்ட வேண்டும். கறுத்த முகம் ஃபிரேமை நிறைத்தாலோ பின்னால் இருண்ட கதவு இருந்தாலோ நேர் எதிர், முகத்தை வெளிறவைத்துவிடும், கொஞ்சம் குறைக்க வேண்டும். ஃபிலிம் காலத்தில் லேப்களுக்குக் கோடக் அனுப்பிய ‘ஷெர்லி கார்டு’ என்கிற அளவுப் படத்தில் பல வருடங்கள் வெள்ளைக்காரப் பெண்கள்தான் இருந்தார்கள், அந்தத் தோலுக்குத்தான் நிறத்தைச் சரிபார்த்தார்கள். இன்று செல்போன் பியூட்டி ஃபில்டர் கேட்காமலே வெளுக்கவைக்கிறது. நீங்கள் அதைச் செய்யாதீர்கள். கறுத்த தோலில் முகத்தின் வடிவத்தைக் காட்டுவது அதன் மினுமினுப்புதான், நெற்றியிலும் கன்ன எலும்பிலும் ஜன்னல் வெளிச்சம் அகலமாகப் படிந்து நிற்கும்போது அது எவ்வளவு அழகு! பவுடர் போட்டு அதை மூடவைக்காதீர்கள். எடிட்டிங்கிலும் அம்மாவை அம்மா நிறத்திலேயே விடுங்கள்.

பின்னணிக்கு ரொம்ப யோசிக்க வேண்டாம். மாலி நாட்டில் பமாகோ நகரத்தில் 1948இல் ஸ்டூடியோ திறந்த சேடூ கெய்ட்டா என்கிற போட்டோகிராபர், ஆரம்பத்தில் தன் படுக்கை விரிப்பையே பின்னால் கட்டிப் படம் எடுத்தார். இன்று உலக மியூசியங்களில் அந்தப் படங்கள் தொங்குகின்றன. உங்கள் வீட்டிலும் ஜமுக்காளம் இருக்கும்.

இனி பேச்சு. முகம் எடுப்பதில் பாதி வேலை வாயில் இருக்கிறது என்பேன். கூச்ச சுபாவமுள்ளவர்கள் கேமராவுக்குப் பின்னால் போனதும் மௌனமாகிவிடுகிறார்கள், எதிரில் இருப்பவருக்கு அந்த மௌனம் பரீட்சை ஹால் மாதிரி ஆகிவிடும். என்ன செய்கிறீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருங்கள். “வெளிச்சம் சரியா விழல, நான்தான் நகரணும், நீங்க அப்படியே இருங்க.” தப்பு உங்கள் பக்கம், அவர் பக்கம் இல்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும். ஒவ்வொரு கிளிக்குக்குப் பிறகும் ஸ்கிரீனைப் பார்க்காதீர்கள். பார்த்துவிட்டு நீங்கள் நெற்றியைச் சுருக்கினால், ஃபோகஸ் போனதற்காகத்தான் சுருக்கினீர்கள் என்று அவருக்குத் தெரியாது, தன் முகம்தான் நன்றாக இல்லை என்று எடுத்துக்கொள்வார். அதற்கப்புறம் அன்றைக்கு அந்த முகம் திரும்பி வராது. சிரிக்கச் சொல்வதை விட்டுவிட்டு, உங்களுக்கு நிஜமாகவே பதில் வேண்டிய கேள்வி ஒன்றைக் கேளுங்கள். பெரம்பூருக்கு முதன்முதலில் குடிவந்தபோது வீட்டு வாடகை எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள், பேச ஆரம்பித்துவிடுவார். கிளிக் சத்தம் கேட்டதும் எல்லாரும் “முடிஞ்சுது” என்று ஒரு மூச்சு விடுவார்கள், தோள் இறங்கும், வாய் தளரும். கேமராவை இறக்காமல் அந்த நொடியில் இன்னொன்று எடுங்கள். நல்ல படம் பெரும்பாலும் அந்த இரண்டாவதுதான்.

எடுத்ததைப் பிரிண்ட் போட்டுக் கையில் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரு கைகூப்பும் பொம்மை வரும், அதோடு சரி. நாலுக்கு ஆறு அங்குலப் பிரிண்டுக்கு லேபில் ஒன்றும் பெரிய செலவு ஆகாது. கொடுத்தால் அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்ப்பார், ஏதாவது சொல்வார், அந்தச் சொல்லில் உங்களுக்கு அடுத்த படம் இருக்கும். பிரிண்ட் கொடுத்துக் கொடுத்தே வீட்டுக்கு வெளியே போகலாம், பக்கத்து வீட்டுப் பாட்டி, மளிகைக்கடை அண்ணாச்சி என்று. “எனக்கும் ஒண்ணு எடுத்துக் குடேன்” என்று அவர்களாகவே கேட்பார்கள். கேட்டு வருகிறவர் முன்னால் கை நடுங்காது. இன்ஸ்டாகிராமைப் பார்த்து எழும் எனக்கு வராது என்கிற நினைப்பும் அங்கேதான் மெல்ல மெல்ல விலகும், ஏனென்றால் அங்கே உங்களை ஒப்பிட யாரும் இல்லை. அந்தப் பாட்டிக்கு வேண்டியது உங்கள் படம்தான்.

வளைகாப்பு. மண்டபமாக இருந்தால் கேமராவை ஏசி அறையிலிருந்து சட்டென்று வெளியே எடுக்காதீர்கள், நம் ஊர்ப் புழுக்கத்தில் லென்ஸ் வியர்த்துவிடும், பையை மூடியபடியே கொஞ்ச நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள். டியூப் லைட், மலிவான எல்ஈடி விளக்குகள் நம் மின்சாரத்தில் வினாடிக்கு 100 தடவை மினுக்கும், ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 வினாடியில் வையுங்கள், சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். வளையல் போட வருகிறவர்களின் முதுகுதான் பெரிய பிரச்சினை, அதனால் அக்காவுக்கு நேர் எதிரே நிற்காமல் பக்கத்தில் இடம் பிடித்துக்கொள்ளுங்கள், வருகிறவர் முகமும் அக்கா முகமும் சேர்ந்து கிடைக்கும். ஆனால் அக்காவின் படத்தை விழாவில் எடுக்க வேண்டாம். எல்லாரும் கலவை சாதத்துக்குப் போன பிறகு, முழங்கைவரை வளையலும் கன்னத்தில் காய்ந்த சந்தனமுமாகக் களைத்து உட்கார்ந்திருப்பார் பாருங்கள், அப்போது ஜன்னலோரம் கூட்டிப்போய்ப் பத்து நிமிடம் கேளுங்கள்.

கோர்ஸ் சேரலாம், தப்பில்லை. 1857இல் தொடங்கிய போட்டோகிராபிக் சொசைட்டி ஆஃப் மெட்ராஸ் மாதிரி, கூடி உட்கார்ந்து படங்களைப் பேசுகிற இடங்கள் நம் ஊரில் உண்டு, 2016இல் ஆரம்பித்த சென்னை போட்டோ பினாலே என்கிற புகைப்பட விழா நடக்கும்போது ஒன்றுவிடாமல் பாருங்கள். பணம் கட்டிச் சேர்வதாக இருந்தால் முதலில் ஒன்று விசாரியுங்கள், மாணவர்கள் எடுத்த படங்களை ஆசிரியர் வாராவாரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துப் பேசுவாரா என்று. கேமரா பட்டன்களை விளக்குவதோடு சரி என்றால் அதெல்லாம் யூடியூபில் இலவசமாகவே இருக்கிறது, அந்தப் பணத்துக்குப் பிரிண்ட் போடுங்கள்.

அன்புடன்