தூக்கம் திரும்பிவிட்டது, மகிழ்ச்சி ஏன் திரும்பவில்லை?

மனநலம்: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

கேள்வி: மதிப்பிற்குரிய மருத்துவர் அவர்களுக்கு, எனக்கு வயது 36. ஏறத்தாழ எட்டு மாதங்களாக எதிலும் பிடிப்பில்லாமல், யாரோடும் பேசப் பிடிக்காமல், காலையில் கண் விழிக்கும்போதே ‘ஏன்தான் விடிந்ததோ’ என்ற எண்ணத்தோடு நாள்களைக் கழித்து வந்தேன். மனநல மருத்துவரிடம் சென்றபோது, இது மனச்சோர்வு நோய் என்று சொல்லி மாத்திரை எழுதிக்கொடுத்தார். மாத்திரை சாப்பிடத் தொடங்கி ஐந்து வாரங்கள் ஆகின்றன. இப்போது இரவில் தூக்கம் வருகிறது, ஓரளவு பசிக்கிறது. ஆனால் முன்பிருந்த சந்தோஷம் துளிகூட இல்லை. பல் துலக்குவதே பெரும் போராட்டமாக இருக்கிறது. “மனதைத் தைரியமாக வைத்துக்கொள்” என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். மருந்து எனக்குப் பலன் தரவில்லையா? நிறுத்திவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, தயவுசெய்து நிறுத்த வேண்டாம். “தூக்கம் வருகிறது, ஓரளவு பசிக்கிறது” என்று நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்; உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் மகிழ வைத்த வரி அதுதான். மனச்சோர்விலிருந்து மீண்டு வருபவர்களில் பலருக்கு முதலில் தேறுவது உடல். தூக்கமும் பசியும் சீராகும். பிறகு சின்னச் சின்ன வேலைகளைச் செய்ய முடியும். ஒன்றை ரசிக்கிற மனம் பெரும்பாலும் கடைசியாகத்தான் திரும்பும். நீங்களோ கடைசியில் வர வேண்டியதை முதலில் தேடி, அது இல்லாததால் எதுவுமே நடக்கவில்லை என்று முடிவுகட்டுகிறீர்கள்.

இந்த மாத்திரைகள் வலி நிவாரணி போல ஒரு மணி நேரத்தில் வேலை செய்பவை அல்ல. குமட்டல், தலைவலி, படபடப்பு போன்ற பக்கவிளைவுகள் முதல் சில நாள்களிலேயே தலைகாட்டிவிடும். பலன் தெரியத் தொடங்கவோ இரண்டு முதல் நான்கு வாரங்கள் பிடிக்கும். முழுப் பலனை மதிப்பிட ஆறு முதல் எட்டு வாரங்களாவது வேண்டும். அதற்குப் பிறகும் போதிய முன்னேற்றம் இல்லையென்றால் மருத்துவர் அளவைக் கூட்டுவார், அல்லது மருந்தை மாற்றுவார். முதல் மருந்திலேயே அறிகுறிகள் முழுமையாக விலகியவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே என்று, 2006ஆம் ஆண்டில் முடிவுகள் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆகவே, மருந்தை மாற்ற நேர்ந்தாலும் அதை உங்கள் தோல்வியாகக் கருத வேண்டாம். இந்தச் சிகிச்சையில் அது வழக்கமான ஒரு படி. ஒன்றை மட்டும் உங்கள் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்: வாழ்க்கையில் எப்போதாவது, இரண்டு மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பே தெரியாமல், எண்ணங்கள் தறிகெட்டு ஓட, அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு பல நாள்கள் இருந்ததுண்டா? அப்படி இருந்திருந்தால் நோயும் வேறு, அதற்கான மருந்தும் வேறு.

இனி, பல் துலக்கும் போராட்டத்துக்கு வருகிறேன். கட்டிலின் ஓரத்தில் பிரஷைக் கையில் பிடித்தபடி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்ததாக என்னிடம் சொன்னவர்கள் பலர்; சொல்லும்போது அவர்கள் வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொள்வார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மனம் வந்தால் செய்யலாம் என்று நாம் காத்திருக்கிறோம். இந்த நோயோ அந்த ‘மனம் வருவதை’த்தான் முதலில் பறித்துக்கொள்கிறது. அதனால் வரிசையை மாற்ற வேண்டியிருக்கிறது: முதலில் செயல், மனம் பிறகு வரட்டும். 1970களில் பீட்டர் லெவின்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் வளர்த்தெடுத்த இந்தச் சிகிச்சைமுறை இன்றும் வழக்கில் இருக்கிறது. செய்ய வேண்டியதை வெட்கப்படும் அளவுக்குச் சிறியதாக்குங்கள். நின்றுகொண்டு பல் துலக்க முடியவில்லையா, நாற்காலியில் உட்கார்ந்து துலக்குங்கள். அதுவும் முடியாத நாளில் வாயைக் கொப்பளித்து, முகத்தைக் கழுவினால் போதும். ஆனால் தோன்றும்போது என்று விட்டுவிடாமல், குறிப்பிட்ட நேரத்தில் செய்யுங்கள். ஒரு சிறிய நோட்டில், செய்ததையும், செய்து முடித்தபின் மனம் எப்படி இருந்தது என்பதற்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்பதையும் எழுதி வாருங்கள். ஒன்றுக்கும் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நினைவு மறந்துவிடும், நோட்டு மறக்காது.

உங்கள் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறேன். தமிழில் நாம் ‘மன அழுத்தம்’ என்ற ஒரே சொல்லை வேலைப்பளுவால் வரும் இறுக்கத்துக்கும் இந்த நோய்க்கும் சேர்த்தே பயன்படுத்திவிடுகிறோம். அதனாலேயே, இரண்டு நாள் ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்ற எண்ணம் பலருக்கும் வந்துவிடுகிறது. தைரியமாக இரு என்று சொல்லும்போது, தைரியமில்லாததால்தான் இப்படி ஆனேன் என்றே நோயாளி எடுத்துக்கொள்கிறார். ஏற்கெனவே குற்றவுணர்வில் புழுங்கிக்கொண்டிருப்பவரின் தலையில் இன்னொரு குற்றமும் ஏறுகிறது. அதற்குப் பதிலாக, “வா, பத்து நிமிடம் நடந்துவிட்டு வரலாம், பேச வேண்டாம்” என்று கூடவே கிளம்புங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்மணி தம் மகளோடு வந்தார். “எனக்கு ஒரு முன்னேற்றமும் இல்லை” என்றார் தாய். மகள் குறுக்கிட்டு, “குளியலறைக் குழாய் ஆறு மாதமாகச் சொட்டிக்கொண்டிருக்கிறது, டாக்டர். நேற்றுத்தான் அம்மா முதல்முறையாக, இதை யாரும் சரிசெய்ய மாட்டீர்களா என்று எரிச்சல்பட்டார்” என்றாள். அந்த எரிச்சலை நான் நோயாளியின் கோப்பில் முன்னேற்றம் என்றே குறித்துக்கொண்டேன். மீட்சி பெரும்பாலும் மகிழ்ச்சியின் உருவில் முதலில் வருவதில்லை. சொட்டும் குழாய் காதில் விழுவதாகத்தான் வருகிறது. நோயாளியைவிடக் கூட இருப்பவர்களுக்கே அது முன்னதாகத் தெரிகிறது. வீட்டில் நீங்கள் நம்பும் ஒருவரிடம், என்னிடம் என்ன மாற்றம் தெரிகிறது என்று இன்றே கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: என் தந்தைக்கு வயது 70. அம்மா இறந்த பிறகு பேச்சே குறைந்துவிட்டது. அழுவதில்லை, ஆனால் உடம்பெல்லாம் வலி என்கிறார், எதுவும் நினைவில் நிற்கவில்லை என்கிறார். “உங்களுக்கு நான் ஒரு பாரம்” என்று நேற்றுச் சொன்னார். அவர் விபரீதமாக எதுவும் நினைக்கிறாரா என்று கேட்கத் தோன்றுகிறது; கேட்டு, இல்லாத எண்ணத்தை நானே தூண்டிவிடுவேனோ என்று அஞ்சுகிறேன்.
– ஒரு மகன்

பதில்: கேளுங்கள், இன்றே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. உள்ளே இருந்தால், யாரிடமும் சொல்ல முடியாமல் தனியாகச் சுமந்தவருக்கு அது ஆறுதலாகவே இருக்கும். சுற்றிவளைக்காமல், “அப்பா, உயிரோடு இருக்க வேண்டாம் என்று உங்களுக்குத் தோன்றுகிறதா?” என்றே கேளுங்கள். ஆம் என்றால் அதிர்ச்சியையோ கோபத்தையோ காட்டாதீர்கள், அறிவுரையும் வேண்டாம். அவரைத் தனியே விடாமல், மாத்திரை, பூச்சிமருந்து போன்றவற்றை அவர் கைக்கு எட்டாதபடி அகற்றிவிட்டு, அன்றைக்கே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

இல்லை என்று சொன்னாலும் இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். முதுமையில் மனச்சோர்வு அழுகையாக இல்லாமல், உடல்வலியாகவும் மறதியாகவும் வெளிப்படுவது சாதாரணம். தைராய்டு சுரப்புக் குறைவு, இரத்தசோகை, பி12 வைட்டமின் குறைபாடு ஆகியவையும் இதே தோற்றத்தைக் காட்டக்கூடும் என்பதால் இரத்தப் பரிசோதனை தேவைப்படும். மறதிநோயும் மனச்சோர்வும் சேர்ந்தே வருவதும் உண்டு. அதையும் மருத்துவர் பார்ப்பார்.

சிகிச்சை தொடங்கியதும் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. உடல்தான் முதலில் தேறுகிறது என்று முந்தைய பதிலில் நம்பிக்கையூட்டச் சொன்னேன். அதே வரிசையில் ஓர் ஆபத்தும் உண்டு. கைகால்களுக்குத் தெம்பு வந்து, நம்பிக்கை இன்னும் வராத அந்த முதல் சில வாரங்களில், முன்பு செயல்படுத்தத் திராணியில்லாதிருந்த எண்ணத்தைச் செயல்படுத்தும் வலு வந்துவிடக்கூடும். ஆகவே ‘எழுந்து நடமாடுகிறாரே’ என்று கவனத்தைத் தளர்த்திவிடாமல், அந்த வாரங்களில் கூடுதல் அக்கறையோடு அருகில் இருங்கள். மாத்திரைகளை உங்கள் பொறுப்பில் வைத்து, நாளுக்குரியதை மட்டும் எடுத்துக் கொடுங்கள்.

கேள்வி: மனச்சோர்வு முழுமையாகக் குணமாகி நான்கு மாதங்கள் ஆகின்றன. மருந்துக்கு அடிமையாகிவிடுவேனோ என்று பயம். நிறுத்தினால் மறுபடியும் வருமா?
– வாசகர், வயது 29

பதில்: இம்மருந்துகள் மதுவைப் போல மேலும் மேலும் வேண்டும் என்ற ஏக்கத்தை உண்டாக்குவதில்லை. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் கோளாறு, தலைக்குள் மின்னதிர்ச்சி போன்ற உணர்வு ஆகியவை பலருக்கும் வரும். மருத்துவர் சொல்லும் வேகத்தில், வாரக் கணக்கிலோ மாதக் கணக்கிலோ படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதங்களாவது தொடர்வது நல்லது. முன்பே ஒருமுறைக்கு மேல் வந்திருந்தால் அதைவிட நீண்ட காலம் தேவைப்படலாம். ஒருமுறை வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மறுபடியும் வருகிறது என்பதால், உங்கள் அச்சத்தில் நியாயம் இருக்கிறது.

அந்த அச்சத்தைப் பயனுள்ளதாக மாற்ற முடியும். சென்றமுறை நோய் எப்படித் தொடங்கியது என்று நிதானமாக நினைத்துப் பாருங்கள். விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்புத் தட்டியதா, நண்பர்களின் அழைப்புகளை எடுக்காமல் விட்டீர்களா, துவைத்த துணி மடிக்காமல் குவிந்ததா? ஒவ்வொருவருக்கும் இந்த முதல் அடையாளங்கள் வேறு. உங்களுடையவை இரண்டு மூன்றை ஒரு தாளில் எழுதி, உங்களோடு வசிக்கும் ஒருவரிடம் கொடுத்து, “இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், நான் மறுத்தாலும் என்னை டாக்டரிடம் கூட்டிப் போ” என்று இப்போதே, நன்றாக இருக்கும்போதே, சொல்லி வையுங்கள்.