நிற்கும் மாடல் ரயில் எஞ்சினின் முகப்பு விளக்கை எரிய விடலாமா?

எரிய விடலாம், ஆனால் முழு ஒளியில் வேண்டாம், மங்கலாக எரிய விடுங்கள் என்பதே என் பதில். உங்கள் கேள்வியில் இரண்டு சந்தேகங்கள் கலந்திருக்கின்றன: எஞ்சின் கெட்டுவிடுமா என்பது ஒன்று, நிஜ ரயிலில் அப்படிச் செய்வார்களா என்பது மற்றொன்று.

இரண்டாவதற்கு விடை தேட, சேலம் ஜங்ஷனில் இருட்டிய பிறகு நடைமேடையின் கடைசியில் கால் மணி நேரம் நின்றாலே போதும். ஜோலார்பேட்டைப் பக்கமிருந்து வரும் விரைவு வண்டியின் விளக்கு கண்ணைக் கூசச் செய்துகொண்டே நெருங்கும். வண்டி நின்றதும் லோகோ பைலட் ஒளியைக் குறைத்துவிடுவார், அதுவரை வெறும் வெளிச்சமாக இருந்த இடத்தில் எஞ்சினின் முகமும் எண்ணும் தெரியத் தொடங்கும். இது அவருடைய விருப்பத்தைப் பொறுத்ததன்று. நிலையத்தில் நிற்கும்போதும், இரட்டைப் பாதையில் எதிர்வண்டி நெருங்கும்போதும் முகப்பு விளக்கை மங்கலாக்க வேண்டும் என்று இந்திய ரயில்வேயின் பொது விதிகளில் 4.14ஆம் விதி சொல்கிறது. அமெரிக்க ரயில்வேக்களின் பழைய விதித் தொகுப்பிலும் இதையொத்த 17ஆம் விதி இருந்தது. மாடல் எஞ்சினுக்குள் இருந்து மோட்டாரையும் விளக்கையும் இயக்கும் சிறு மின்னணுப் பலகையான டிகோடரின் கையேடுகளில் ‘ரூல் 17’ என்று ஒளி குறைக்கும் வசதியைக் குறிப்பிடுவது அதனால்தான்.

இனி, கெட்டுவிடுமா என்ற கேள்வி. இதில் நிற்பது ஓடுவது என்பதைவிட, உள்ளே இருப்பது எல்இடியா பழைய இழை பல்பா என்பதே முக்கியம். தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பி எஞ்சினை இயக்கும் டிசிசி முறையில் எஞ்சின் நின்றாலும் தண்டவாளத்தில் முழு மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். 14 வோல்ட் என்று வைத்துக்கொண்டால், 1000 ஓம் மின்தடையுடன் இணைத்த வெள்ளை எல்இடி ஏறத்தாழ 11 மில்லியாம்பியர் மட்டுமே எடுக்கும். நாள் முழுவதும் எரிந்தாலும் கவலையில்லை. அதே இடத்தில் 60 மில்லியாம்பியர் இழுக்கும் இழை பல்பு இருந்தால் 0.8 வாட்டுக்கு மேல் வெப்பம் அந்தச் சின்னக் கூட்டுக்குள்ளேயே தங்கும். சேலத்துச் சித்திரை வெயிலில், மொட்டை மாடித் தகரக் கூரை அறையில், அப்படி ஒரு பழைய எஞ்சினை முழு ஒளியில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது விளக்குக்கு மேலிருந்த பிளாஸ்டிக், அப்பளம் பொரிந்ததைப் போலக் கொப்புளித்திருந்தது. அந்த வாரமே எல்லா எஞ்சின்களுக்கும் எல்இடி மாற்றினேன். டிகோடரிலிருந்து வரும் கம்பிகளில் நீலம் பொது நேர்முனை, வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு என்ற நிற ஒழுங்கு தெரிந்தால் ஒரு மாலை நேர வேலைதான்.

தண்டவாள மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தே வேகத்தை மாற்றும் சாதாரண டிசி முறையில் வண்டி நின்றால் விளக்கும் அணைந்துவிடும். விளக்கு எரிய வேண்டும் என்பதற்காக, எஞ்சின் நகராத அளவுக்கு வேகக் கைப்பிடியைச் சற்றே திருப்பி வைப்பவர்கள் உண்டு. மோட்டார் முனகிக்கொண்டே சூடாகும் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். டையோடுகளை மோட்டாருடன் தொடரில் இணைத்து 1.5 வோல்ட் பல்பை வண்டி நகரும் முன்பே எரிய வைக்கும் பழைய உத்தியும், அதே காரணத்தால் நீண்ட நேரம் நிற்கும் வண்டிக்கு ஏற்றதன்று.

என் மாடல் ரயில் மேசை, சேலம்–விருத்தாசலம் ஒற்றைப் பாதையை மனத்தில் வைத்துப் போட்டது. எதிர்வண்டிக்கு வழிவிட லூப் எனும் பக்கப் பாதையில் நிற்கும் சரக்கு வண்டிக்கு மங்கலான ஒளி, ஷெட்டில் கிடக்கும் எஞ்சினுக்கு ஒளியே இல்லை, புறப்படும் வண்டிக்கு மட்டும் முழு ஒளி என்று வைத்திருக்கிறேன். எட்டு வயதான என் தங்கை மகனுக்கு விதி எண்ணெல்லாம் தெரியாது. விளக்கு பளிச்சென்று ஆனதும் தண்டவாளத்தின் மேலிருக்கும் கையைத் தானாகவே எடுத்துக்கொள்கிறான்.