வாசகர் கேள்வி – பதில்: முதல் மைக்ரோகண்ட்ரோலர் பலகை

கேள்வி: படிவம் 1 பயிலும் என் மகன் மைக்ரோகண்ட்ரோலர் (கருவிகளை இயக்கும் சிறு கணினிச் சில்லு) நிரலாக்கம் கற்க விரும்புகிறான். ஆர்டுயினோ ஊனோ, மேக்கர் ஊனோ, மைக்ரோபிட் என்று ஆளுக்கொரு பலகையின் பெயரைச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் எவருக்கும் மின்னணுவியல் தெரியாது. எதை வாங்குவது? மூன்றாம் ஆண்டு படிக்கும் அவன் தங்கையும் அதைப் பயன்படுத்தலாமா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: உங்கள் மகனுக்கு மேக்கர் ஊனோவை வாங்கிக் கொடுங்கள். அது நம் பினாங்கு நிறுவனமான சைட்ரானின் தயாரிப்பு என்பதில் எனக்கு மகிழ்ச்சி உண்டு. ஆனால் அதைப் பரிந்துரைப்பதற்குக் காரணம் வேறு. சாதாரண ஊனோ பலகையில் தொடங்கும் பிள்ளை இரண்டாம் நாளே பிரெட்போர்டில் (கம்பிகளைச் செருகி இணைக்கும் துளைப்பலகை) எல்இடி விளக்கையும், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டரையும், கம்பிகளையும் செருக வேண்டியிருக்கும். விளக்கு எரியவில்லை என்றால், பிழை எழுதிய நிரலில் இருக்கிறதா, தளர்ந்த கம்பியில் இருக்கிறதா, எல்இடியின் கால்களை இடம் மாற்றிச் செருகியதில் இருக்கிறதா என்பதை அவனால் பிரித்தறிய முடியாது. உதவிக்கு ஆளில்லாத வீட்டில் பல பிள்ளைகள் பலகையைப் பெட்டிக்குள் வைத்துவிடுவது இந்த இடத்தில்தான். மேக்கர் ஊனோவில் 2 முதல் 13 வரையிலான முனைகளுக்கு (வெளி உறுப்புகளைப் பலகையுடன் இணைக்கும் இடங்கள்) எல்இடி விளக்குகளும், 8ஆம் முனையில் ஒலியெழுப்பும் பஸரும், 2ஆம் முனையில் ஒரு பொத்தானும் பலகையிலேயே அமைந்திருப்பதால், தொடக்க வாரங்களில் தவறு நிகழ்ந்தால் பெரும்பாலும் நிரலை மட்டும் பார்த்தால் போதும்.

ஆர்டுயினோ 2005ஆம் ஆண்டு இத்தாலியின் இவ்ரியா நகரில், மின்னணுவியல் பயிலாத வடிவமைப்பு மாணவர்களுக்காக உருவானது. அதன் ஊனோ பலகையில் உள்ள அதே ஏடிமெகா328பி சில்லுதான் மேக்கர் ஊனோவிலும் இருக்கிறது: 16 மெகாஹெர்ட்ஸ் வேகம், நிரலுக்கு 32 கிலோபைட், தற்காலிக நினைவகம் 2 கிலோபைட் மட்டுமே. இந்தச் சிறிய அளவைக் குறையென்று எண்ண வேண்டாம். விளக்கை ஒரு நொடி எரியவிட்டு ஒரு நொடி அணைக்கும் முதல் நிரலுக்கு அதில் மிகச் சிறு பகுதியே தேவைப்படும்.

நிரல் பலகைக்குள் ஏறவில்லை என்றால், முதலில் யூஎஸ்பி கம்பியை மாற்றிப் பாருங்கள். கைப்பேசிக்கு மின்னேற்ற மட்டும் உதவும் கம்பிகளில் தரவு செல்லாது. பலகையில் விளக்கு எரிந்தாலும், பலகை இணைந்திருப்பது கணினிக்குத் தெரியாது. அடுத்து, நிரல் எழுதும் மென்பொருளில் பலகையின் வகையாக ஊனோவும், சரியான போர்ட்டும் (கணினியில் பலகை இணைந்துள்ள இணைப்பு) தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள்.

தங்கைக்கு மைக்ரோபிட் பொருந்தும். பிரிட்டனில் பிபிசி 2016இல் பள்ளி மாணவர்களுக்கு வழங்கிய அப்பலகையில் 25 எல்இடிகள், இரண்டு பொத்தான்கள், அசைவை உணரும் உணரி ஆகியவை உள்ளன. வண்ணக் கட்டங்களை இழுத்துப் பொருத்தியே நிரல் அமைக்கலாம். அதற்கு நிரல் அமைக்கும் மேக்கோட் இணையதளத்தில் திரையிலேயே ஒரு மாதிரிப் பலகை இயங்குவதால், ஒரு ரிங்கிட்கூடச் செலவழிக்காமல் இன்றே அவளை உட்காரவைத்துப் பார்க்கலாம்.

கேள்வி: சிறிய மோட்டாரை ஊனோவின் முனையில் நேரடியாக இணைத்தேன். மோட்டார் சுற்றவில்லை, பலகையும் அடிக்கடி மறுதொடக்கம் ஆகிறது. ஏன்?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: உடனே கழற்றிவிடுங்கள். ஒரு முனையிலிருந்து எடுக்கத்தக்க மின்னோட்டம் 20 மில்லியாம்பியர். 40ஐத் தாண்டினால் சில்லு பழுதாகலாம். ஓர் எல்இடியை 220 ஓம் ரெசிஸ்டருடன் இணைத்தால் ஏறத்தாழ 14 மில்லியாம்பியர்தான் பாயும் என்பதால் அது தாங்கும். சிறு மோட்டாரோ சுழலத் தொடங்கும் கணத்தில் பல நூறு மில்லியாம்பியர் கேட்கும். அப்போது மின்னழுத்தம் சரிந்து பலகை மறுதொடக்கம் ஆகிறது. ஜாலான் பாசாரின் மின்னணுக் கடைகளில் மோட்டார் டிரைவர் பலகை (ஊனோவின் கட்டளைப்படி மோட்டாருக்கு மின்னோட்டம் தரும் இடைப்பலகை) என்று கேட்டு வாங்குங்கள். மோட்டாருக்குத் தனி பேட்டரி கொடுத்து, அந்த பேட்டரியின் எதிர்மின் முனையை (–) ஊனோவின் கிரவுண்ட் (GND) முனையுடன் மறவாமல் இணையுங்கள். அந்த இணைப்பு இல்லாவிட்டால் ஊனோ அனுப்பும் கட்டளையை டிரைவரால் புரிந்துகொள்ள முடியாது.