பாதையில்லாத வடக்கே போகலாமா? வாசகர் கேள்வி பதில்

அலாஸ்காவின் வடபகுதியில் உள்ள கேட்ஸ் ஆஃப் தி ஆர்க்டிக் தேசியப் பூங்காவில், ஒரு கைடோடு முதுகுப்பை சுமந்து நடந்ததைச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். கடிதம் போட்டவர்களில் பாதிப் பேர் 'நாங்களும் போக முடியுமா' என்று கேட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் பயன்படக்கூடிய கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறியிருக்கிறேன். கேதார்கந்தாவும் போய் வந்தேன். அலாஸ்கா இதைவிடக் கடினமா?
(கோயம்புத்தூர் வாசகர்)

உயரத்தில் இல்லை. பூங்காவின் மிக உயர்ந்த சிகரமான இகிக்பாக்கே சுமார் 2,500 மீட்டர்தான். இமயத்தில் நீங்கள் பார்த்த கேதார்கந்தா 3,800 மீட்டர். நடையும் பெரும்பாலும் பள்ளத்தாக்குகளிலும் கணவாய்களிலும்தான். மூச்சு முட்டாது.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. வெள்ளியங்கிரியில் எங்கே கால் வைப்பது என்பதை நமக்கு முன்னால் போன லட்சம் பேர் முடிவு செய்துவிட்டார்கள். கேதார்கந்தாவில் சுமை தூக்கக் கோவேறு கழுதை உண்டு, நடுவழியில் மேகி கிடைக்கும். கேட்ஸ் ஆஃப் தி ஆர்க்டிக்கில் சாலை இல்லை, போட்ட பாதை இல்லை, வழிகாட்டும் பலகை இல்லை. பரப்பு சுமார் 34,000 சதுர கிலோமீட்டர், கேரளத்தைவிடக் கொஞ்சம்தான் குறைவு. ஃபேர்பேங்க்ஸ் நகரிலிருந்து பெட்டில்ஸ் அல்லது கோல்ட்ஃபுட் என்ற சிற்றூருக்குப் போய், அங்கிருந்து ஒரு சிறிய விமானத்தில் ஏறுவீர்கள். அது ஏரியிலோ ஆற்றோரச் சரளைத் திட்டிலோ உங்களை இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விடும். அப்புறம் முதுகில் 20 முதல் 25 கிலோ, கண்ணெதிரே பள்ளத்தாக்கு, அவ்வளவுதான். ஏழு மலை ஏறிய கால்கள் நிச்சயம் உதவும். சுமை தூக்கத் தோளையும் இடுப்பையும் தனியாகப் பழக்க வேண்டும்.

ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் நடக்கலாம்? நான் தினமும் 12 கி.மீ. நடப்பவன்.
(திருச்சி வாசகர்)

அனுபவசாலிகளுக்கே ஒன்பது, பத்து கிலோமீட்டர் நல்ல நாள். ஆறு கிலோமீட்டரோடு டென்ட் போட்டுவிடும் நாளும் உண்டு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

காரணம் டஸக். பருத்திப்புல் வருடக்கணக்காகக் குத்துக் குத்தாக வளர்ந்து, முழங்கால் உயரம்கூட வந்துவிடும். அடி சிறுத்திருக்கும், தலை பெருத்திருக்கும். உரிக்காத தேங்காய்களைச் சேற்றில் நெருக்கி நட்டுவைத்து, அதன் மேல் நடக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? மேலே கால் வைத்தால் பக்கவாட்டில் சாயும். இடையில் வைத்தால் கணுக்கால் வரை தண்ணீர். கொஞ்ச ஆழத்திலேயே மண் ஆண்டு முழுவதும் உறைந்து கிடப்பதால் மேலே உள்ள நீர் கீழே இறங்க வழியில்லை. மலைச்சரிவில்கூடச் சதுப்பு இருப்பது அதனால்தான்.

எங்கள் கைடு வரைபடத்தை எடுப்பதற்கு முன்னால் சரிவின் நிறத்தைப் பார்ப்பார். பழுப்பும் மஞ்சளுமாகப் பொரிபொரியாகத் தெரிந்தால் டஸக். அடர்பச்சையாக ஓடைகளை ஒட்டி இருந்தால் வில்லோ புதர், நுழைந்தால் பை மாட்டிக்கொள்ளும். சாம்பல் நிறம் ஓடினால் கல்லும் பாசியும் உள்ள காய்ந்த மேடு, அங்கே வேகமாகப் போகலாம். அந்தச் சாம்பல் கோட்டைப் பிடிப்பதற்காக இருநூறு மீட்டர் ஏறி, மறுபடி இறங்கச் சொல்வார். முதலில் வீண்வேலையாகத் தெரியும். சாயங்காலம் கணுக்கால் சொல்லும், அவர் செய்தது சரி என்று.

கையில் ஜி.பி.எஸ். இருக்கும்போது கைடுக்கு எதற்குப் பணம்?
(சேலம் வாசகர்)

நீங்கள் நிற்கும் இடத்தை ஜி.பி.எஸ். சொல்லும். எதிரே ஓடும் ஆற்றை இப்போது கடக்கலாமா என்று சொல்லாது. இந்தப் பயணத்தில் ஆபத்து என்று நான் முதலில் நினைப்பது கரடியை அல்ல, ஆற்றைத்தான்.

அங்கே பாலம் கிடையாது. உறைமண் மழைநீரைக் குடிக்காது, அதனால் மேலே பெய்த மழை சில மணி நேரத்தில் கீழே வந்துவிடும். காலையில் கணுக்கால் அளவு இருந்த ஓடை சாயங்காலம் தொடையளவு ஓடும். ஒருநாள் நாங்கள் அப்படி ஒரு ஆற்றங்கரையில் நின்றோம். தண்ணீர் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கும் போலத் தெரிந்தது. கடந்துவிடலாம் என்று எங்களில் சிலருக்குக் கால் பரபரத்தது. கைடு எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார். நீரின் இரைச்சலுக்கு அடியில் 'டொக்... டொக்' என்று மங்கலான சத்தம். ஆற்றின் அடியில் கற்கள் உருண்டு மோதிக்கொள்ளும் சத்தம் அது. கல்லை உருட்டும் ஆறு ஆளையும் உருட்டும். தண்ணீர் விளிம்பில் ஒரு வெள்ளைக் கல்லை அடையாளமாக வைத்தார், டீ போடச் சொன்னார். டீ முடிவதற்குள் கல் முழுகிவிட்டது. அங்கேயே மேட்டில் டென்ட் போட்டோம். மறுநாள் காலையில் கல் கரையில் காய்ந்து கிடந்தது. கொஞ்சம் மேலே போய், ஆறு அகன்று மூன்று கிளையாகப் பிரியும் இடத்தில் கடந்தோம்.

கடக்கும்போது ஷூவைக் கழற்றக் கூடாது. இடுப்பு வாரையும் மார்பு வாரையும் அவிழ்த்துவிட வேண்டும், விழுந்தால் பையை உதறிவிட்டு எழுந்திருக்க. நீர் வரும் திசையைப் பார்த்தபடி, கைத்தடியை ஊன்றி, ஒரு கால் நிலைத்த பிறகே அடுத்த கால். இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ளலாம். 'இன்றைக்கு வேண்டாம்' என்று நிறுத்த ஒரு ஆள் வேண்டும். நான் கைடுக்குக் கொடுத்த பணம் அந்த ஒரு வார்த்தைக்கு என்றே நினைக்கிறேன்.

ஆகவே நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது புகைப்படங்களைப் பார்த்து மயங்காதீர்கள். பூங்கா நிர்வாகத்திடம் வணிக அனுமதி பெற்றிருக்கிறார்களா என்று பாருங்கள், அது கட்டாயம். பிறகு, 'ஆறு ஏறிவிட்டால் உங்கள் மாற்றுவழி என்ன?' என்று கேளுங்கள். பட்டென்று இரண்டு மூன்று வழி சொல்பவரோடு போங்கள். 'அப்படியெல்லாம் ஆகாது' என்பவரோடு போகாதீர்கள்.

கரடி?
(பல ஊர்களிலிருந்தும்)

இருக்கிறது, கிரிஸ்லி என்ற பெரிய பழுப்புக் கரடி. எல்லோரும் நெருக்கமாகச் சேர்ந்து, பேசிக்கொண்டு நடப்பதுதான் முதல் பாதுகாப்பு. வில்லோ புதருக்குள் நுழையும்போது குரலை உயர்த்துங்கள், எந்த மொழியானாலும் சரி. மனிதர் வருவது முன்கூட்டியே தெரிந்தால் பெரும்பாலான கரடிகள் விலகிவிடும். எதிரே பட்டுவிட்டால் ஓடவே கூடாது. கரடி ஸ்ப்ரே (கரடியை விரட்ட மிளகாய்க் காரம் பீய்ச்சும் குப்பி) பைக்குள் இருந்து பயனில்லை, இடுப்பு வாரில் கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பயணிகள் விமானத்தில் இதற்கும் அடுப்பு எரிபொருளுக்கும் அனுமதியில்லை. ஃபேர்பேங்க்ஸ் போய் வாங்குங்கள்.

உணவு முழுவதும் கரடி திறக்க முடியாத கெட்டி டப்பாவில் இருக்க வேண்டும், அது பூங்காவின் விதி. பற்பசை, சன்ஸ்கிரீன், மணம் உள்ள எதுவாக இருந்தாலும் அதற்குள்தான். டப்பாவைப் பூங்காவின் தகவல் மையங்களில் இலவசமாகவே தருகிறார்கள். சமைக்கும் இடமும் டப்பா வைக்கும் இடமும் டென்டிலிருந்து நூறு தப்படியாவது தள்ளி இருக்கட்டும். மனிதச் சாப்பாட்டை ஒருமுறை ருசித்த கரடி மறுபடி தேடி வரும், கடைசியில் சுட்டுக் கொல்லப்படும். நம் பிஸ்கட் பாக்கெட்டுக்காக ஒரு கரடி சாவதை என்னால் ஏற்கவே முடியாது.

நாங்கள் சுத்த சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?
(கும்பகோணம் வாசகி)

கவலையே வேண்டாம், முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். காயவைத்த சைவ உணவுப் பொட்டலங்கள் நிறையக் கிடைக்கின்றன. ஆனால் நம் அவல் இந்த நடைக்காகவே செய்தது போன்றது. வெந்நீர் ஊற்றி மூடிவைத்தால் போதும், எரிபொருள் மிச்சம். வீட்டிலேயே தாளித்து வறுத்து ஆறவைத்த அவலையும் புளியோதரைப் பொடியையும் சிறு பைகளில் கொண்டு போனேன், குழுவில் எல்லோரும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். வேர்க்கடலை, பேரீச்சை, கொஞ்சம் நெய். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு முக்கால் கிலோ உலர் உணவு என்று கணக்குப் போடுங்கள். கடலை மிட்டாயை மறக்காதீர்கள்.

இன்னொன்று. மேகம் இறங்கினால் உங்களை ஏற்ற வரும் விமானம் வராது. ஒரு நாள், இரண்டு நாள், சில சமயம் அதற்கு மேலும் காத்திருக்க நேரும். அதற்கான உணவு தனியாக இருக்க வேண்டும். ஊர் திரும்பும் டிக்கெட்டையும் அதற்குத் தகுந்தபடி தள்ளிப் போடுங்கள்.

எந்த மாதம் நல்லது?
(சிவகாசி வாசகர்)

ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் சூரியன் மறையாத வெளிச்சம், அதோடு கொசு. தலையை மூடும் கொசுவலை இல்லாமல் வாயைத் திறக்க முடியாது. என்னைக் கேட்டால் ஆகஸ்ட் நடுப்பகுதிக்கு மேல். கொசு அடங்கிவிடும், டன்ட்ரா என்ற மரமில்லாத குளிர்வெளி சிவக்கத் தொடங்கும், காட்டு ப்ளூபெர்ரி பழுத்திருக்கும். பனி எந்த மாதத்திலும் விழலாம், அதனால் பருத்தி உடையை ஊரிலேயே விட்டுவிட்டுக் கம்பளி, செயற்கை இழை உடைகளை எடுத்துப் போங்கள்.

பெண்களுக்குக் கழிப்பறை, மாதவிலக்குச் சிக்கல்கள்? கேட்கத் தயக்கமாக இருக்கிறது.
(நாகர்கோவில் வாசகி)

தயங்காமல் கேட்க வேண்டிய கேள்வி. நீர்நிலையிலிருந்து அறுபது மீட்டர் தள்ளி, ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டி, பிறகு மூடிவிட வேண்டும். மரமில்லாத வெளியில் மறைவு கிடைப்பது கஷ்டம்தான். ஆனால் குழு முழுவதும் ஒரு பக்கம் திரும்பி நின்றுகொள்வது அங்கே சாதாரணப் பழக்கம். உபயோகித்த நாப்கினைப் புதைக்கக் கூடாது. கெட்டியான பையில் போட்டு, கரடி டப்பாவிலேயே வைத்துத் திருப்பிக் கொண்டு வாருங்கள்.

ஆளே இல்லாத காட்டில் நடக்கும் அனுபவம் என்று சொல்லலாமா?
(மதுரை வாசகர்)

அப்படிச் சொல்ல மாட்டேன். பூங்காவுக்கு உள்ளேயே அனாக்டுவுக் பாஸ் என்ற ஊரில் நுனாமியுட் மக்கள் வாழ்கிறார்கள். கரிபூ மான் கூட்டங்களைத் தொடர்ந்து இந்த மலைகளில் அலைந்த வேட்டைக் குடிகள், சென்ற நூற்றாண்டின் நடுவில் அங்கே ஊராகத் தங்கினார்கள். 1980-ல் இது தேசியப் பூங்காவானபோதும் வாழ்வாதாரத்துக்கு வேட்டையாடும் உரிமை உள்ளூர் மக்களுக்குத் தொடர்கிறது. 1929-ல் வந்த அமெரிக்க வனவியலாளர் ராபர்ட் மார்ஷல் கோயுகுக் ஆற்றின் இருபுறமும் நின்ற இரண்டு மலைகளைப் பார்த்து 'ஆர்க்டிக்கின் வாசல்' என்று பெயரிட்டார் என்பது உண்மை. அவருக்கு முன்னால் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அந்த வாசல் வழியாக ஆட்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள் என்பதும் உண்மை.

மேற்கு ஆர்க்டிக் கரிபூ மந்தை 2003-ல் சுமார் 4,90,000 இருந்தது, 2023-ல் 1,52,000 ஆகக் குறைந்துவிட்டது. அந்த மான்களை நம்பிக் குடும்பங்கள் இருக்கின்றன. மந்தை கண்ணில் பட்டால் நின்றுவிடுங்கள், புகைப்படத்துக்காகக் குறுக்கே போகாதீர்கள். வேட்டை முகாம் தெரிந்தால் விலகிப் போங்கள்.

நடப்பதிலும் ஒன்று கவனியுங்கள். டன்ட்ராவில் ஒருவர் பின் ஒருவராக நடக்கக் கூடாது, பக்கவாட்டில் பரவி நடக்க வேண்டும். பத்துப் பேர் ஒரே தடத்தில் மிதித்தால் அந்தச் செடிகள் மீள்வதற்குப் பல வருடம் ஆகும். கருங்கல் ஊசிகளாக நிற்கும் அரிகெட்ச் சிகரங்களைப் பார்க்க எல்லோருக்கும் ஆசை, அதனாலேயே அந்தப் பள்ளத்தாக்கில் காலடித் தடம் விழுந்துவிட்டது. பெயரில்லாத பள்ளத்தாக்கு ஒன்றுக்குக் கூட்டிப் போகும்படி கைடிடம் கேளுங்கள். அங்கே பள்ளத்தாக்குகளுக்குப் பஞ்சமே இல்லை.

எனக்கு வயது 58. முழங்கால் வலி இல்லை. பயிற்சி எப்படி?
(ஈரோடு வாசகி)

தாராளமாகப் போகலாம், ஆறு மாதம் கொடுங்கள். பையில் ஐந்து கிலோ அரிசியோடு மாடிப்படியில் ஆரம்பித்து, மெல்லப் பதினெட்டு கிலோ வரை வாருங்கள். சமதளச் சாலையைவிட உழுத நிலம், ஆற்று மணல் நல்ல பயிற்சி. ஒற்றைக்காலில் நின்று பல் தேய்க்கப் பழகினால் கணுக்கால் உறுதிப்படும். காடு பழக வேண்டுமென்றால் வனத்துறை அனுமதியில்லாமல் நுழையாதீர்கள். 2018-ல் குரங்கணித் தீயில் போன உயிர்களை நாம் மறக்கக் கூடாது. 2024-ல் அரசு 40 பாதைகளோடு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் வழிகாட்டியோடு போகலாம்.

கைடிடம் வயதை மறைக்காதீர்கள், சாப்பிடும் மாத்திரைகளையும் எழுதிக் கொடுங்கள். அங்கே செல்போன் வேலை செய்யாது. செயற்கைக்கோள் கருவியில் செய்தி அனுப்பினாலும், வானம் தெளிந்த பிறகே ஹெலிகாப்டரோ விமானமோ வரும். மீட்புச் செலவையும் ஏற்கும் காப்பீடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.