‘என் அறை, என் செடி’ என்னும் மகனுக்கு

வணக்கம். சன்னலோரத் தொட்டிகளின் தட்டில் தேங்கும் நீரைக் கொட்டச் சொன்னால், ‘என் அறை, என் செடி, மற்றவர்களுக்கு என்ன?’ என்று உங்கள் 14 வயது மகன் கேட்பதாகவும், டெங்கி பரவல் மிகுந்த இடம் என்பதைக் காட்டும் சிவப்புப் பதாகை உங்கள் புளோக்கில் தொங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். அவன் கேள்வி நியாயமானதுதான். அதற்கு அறிவுரை வேண்டாம், விடை சொல்லுங்கள்.

டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட 20 காசு நாணயத்தின் அளவு நீரே போதும் என்பதையும், அம்முட்டை ஏறத்தாழ ஒரே வாரத்தில் பறக்கும் கொசுவாகிவிடும் என்பதையும், தட்டு காய்ந்துபோனாலும் முட்டைகள் பல மாதங்கள் தாக்குப்பிடிக்கும் என்பதால் நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தட்டைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும் என்பதையும் முதலில் அவனுக்குச் சொல்லுங்கள்.

பிள்ளைகள் பெரும்பாலும் அறியாதது அடுத்த கட்டம்தான். டெங்கி இருமலாலோ தொடுதலாலோ பரவுவதில்லை. நோயுற்றவரைக் கடித்த கொசு, சில நாள்களுக்குப் பின் இன்னொருவரைக் கடிக்கும்போதே பரவுகிறது. ஆகவே அவன் தட்டில் வளர்ந்த கொசு, அண்டை வீட்டு நோயாளியிடமிருந்து கிருமியைப் பெற்று உங்கள் வீட்டுப் பாட்டியிடம் சேர்க்கலாம். இதே காரணத்தால்தான் காய்ச்சல் கண்டவரும் கொசுவிரட்டி பூசிக்கொள்ள வேண்டும். சிங்கப்பூரில் 2020இல் 35,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கி கண்டது.

வீட்டில் கொசு வளரவிட்டால் விதிக்கப்படும் அபராதத்தைக் காட்டி மிரட்டாதீர்கள். அந்த வயதில் அது வீம்பையே வளர்க்கும். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் இணையத்தளத்தில் உங்கள் வட்டாரத்தின் டெங்கி நிலவரத்தை அவனையே பார்க்கச் சொல்லி, வீடு முழுவதும் நீர் தேங்கும் இடங்களைச் சோதிக்கும் பொறுப்பை, உங்கள் சமையலறை வாளிகள் உட்பட, அவனிடமே ஒப்படையுங்கள்.